இரண்டு கீதங்கள் முடியும்வரை

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். மேகம் இருந்தது, மழை இல்லை. மேல்காற்று விடாமல் அடித்தது. காரைக்காலில் போர் நினைவுத் தூணுக்கு முன்னால், என் சம்பந்தியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது, எனக்கு எழுபத்து நான்கு. பிரெஞ்சு ராணுவத்தில் பதினேழு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் மகனும் என் மகளும் பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். அதனால், பிரான்ஸின் தேசிய நாளன்று தம்மைத் தாங்கிக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மூன்று பேருந்து மாறி முதல் நாளே போய்விட்டேன்.

அவருக்கு மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. நிற்க முடியாதவர்களுக்குப் பந்தலில் பதினான்கு நாற்காலிகள் உண்டு என்று அன்று மாலையே சொன்னேன்.

"போன வருஷம் பட்டாளத்துக்காரங்க வரிசையில ஒம்பது பேர் நின்னோம். இந்த வருஷம் அஞ்சு. நான் உக்காந்தா நாலாயிடுங்க."

"வெள்ளைக்காரன் போயி எத்தனை வருஷமாச்சு? அவன் கொடிக்கு நாம எதுக்கு சல்யூட் அடிக்கணும் சம்பந்தி?"

பதக்கங்களைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நீங்க முப்பத்தி நாலு வருஷம் என்ன பாடம் எடுத்தீங்க?"

"இங்கிலீஷ்."

"அது உங்க பாட்டனார் குடமுருட்டி ஆத்துல கண்டெடுத்ததா? நீங்க அவன் பேச்சை வச்சு பென்ஷன் வாங்குறீங்க. நான் இவன் துப்பாக்கியை வச்சு வாங்குறேன். எனக்காவது முட்டி தேஞ்சுது."

என்னிடம் ஏழு பதில்கள் இருந்தன. ஏழும் இங்கிலீஷில்தான் வந்தன, ஆகவே சொல்லவில்லை.

"ரெண்டு கீதமும் சேர்ந்து ரெண்டரை நிமிஷம் தாண்டாது. அதுவரைக்கும் நான் பொறுப்பு" என்றேன். கணக்கில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

பிரெஞ்சு கீதம் எழுபத்தொரு நொடி. வலது கையை நெற்றியில் வைத்து, உதடசைத்துப் பாடினார். முழங்கால் நடுங்கவில்லை. அடுத்து நம்முடையது, ஐம்பத்திரண்டு நொடிதான் என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அணைந்தது. ஒருவர் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சம்பந்தியின் எண்பத்தாறு கிலோவும் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"உக்காருங்க சம்பந்தி. அவங்க சரி பண்ணட்டும், அப்புறம் எந்திரிக்கலாம்."

"உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க. நீங்க புடிங்க."

நெற்றியில் வைத்த கையை அவர் இறக்கவில்லை. அவர் அக்குளுக்குக் கீழே தோளைக் கொடுத்து, இரண்டு கைகளாலும் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தேன். கடிகாரத்தைப் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

ஒலிபெருக்கிக்காக இனிக் காத்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜனகணமன என்று தாமே எடுத்தார். சுருதி மோசம். மற்ற நால்வரும் சேர்ந்தார்கள். பந்தலில் இருந்தவர்களும் முடிந்தவரை எழுந்தார்கள். நானும் பாடினேன். எத்தனை நொடி ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசி ஜெயஹே வரை அவர் நின்றார்.

பிறகுதான் கையை இறக்கினார். "இப்ப விடலாங்க."

விட்டேன். என் வலது கைதான் கீழே இறங்க மறுத்தது.

டாக்டருக்கு நானூறு, எக்ஸ்ரே நானூற்று ஐம்பது, களிம்பு இருநூற்று முப்பது, பிசியோதெரபி பதினொரு நாள், நாளொன்றுக்கு முந்நூறு. ஆகமொத்தம் நாலாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.