விருந்தாளிக்கு வைத்த மாத்திரை

எங்கள் வீட்டில் நல்ல பொருள் எதுவும் எங்களுக்கில்லை. பூப்போட்ட கோப்பைகள், தங்க விளிம்பு வைத்த தட்டுகள், தீபாவளிக்கு யாரோ கொடுத்த பிஸ்கட் டின் எல்லாம் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் விருந்தாளிகளுக்காகக் காத்திருக்கும். நாங்கள் பிளாஸ்டிக் குவளையில் மைலோ குடிப்போம். எனக்குப் பத்து வயதானபோது அந்த அலமாரியில் ஒரு மாத்திரை அட்டையும் போய்ச் சேர்ந்தது.

அம்மா அப்போது மலேசியாவில், கிள்ளான் நகரில் பள்ளி வேன் ஓட்டினார். பதினான்கு பிள்ளைகளைக் காலையில் வீடு வீடாக ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்க வேண்டும். முன் இருக்கை எனக்கு. ஓட்டுநரின் மகள் என்ற மிதப்பும் எனக்கு உண்டு. அவருடைய இடது தோளில் வெகுநாளாக இருந்த கொழுப்புக் கட்டியை, பள்ளி விடுமுறை முடியப் போகும் வெள்ளிக்கிழமை வெட்டி எடுத்தார்கள். சின்ன ஆபரேஷன்தான், ஆறு தையல்.

மருந்து கொடுக்கும் இடத்தில் நானும் பக்கத்தில் நின்றேன். கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தார்.

“இந்த வெள்ளைய ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா சாப்பிடுங்க ஆன்டி. வலி தாங்க முடியலன்னா மட்டும் இந்தச் சின்னது. இது ஸ்ட்ராங்லா, தூக்கம் வரும்.”

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இதப் போட்டுட்டு வேன் ஓட்டலாமா?”

“கூடவே கூடாது ஆன்டி.”

இது என் காதிலும் விழுந்தது. ஆனால் மழையில் நனையக் கூடாது, ஈரத்தலையோடு படுக்கக் கூடாது என்று நாள் முழுக்கக் கூடாதுகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதில் இதுவும் ஒன்றாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூச்சோங்கிலிருந்து அத்தை பார்க்க வந்தார். பித்தப்பையை எடுத்தவர் என்பதால் மருந்து விஷயத்தில் அவர் பேச்சுக்குக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. பூப்போட்ட கோப்பையில் காப்பி குடித்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

“வெள்ளையெல்லாம் தலவலிக்குப் போடறது அண்ணி. அந்தச் சின்னதப் போடுங்க. வலி போன இடம் தெரியாது.”

“நாளைக்குப் பிள்ளைங்கள யாரு ஏத்துறது?” என்று கேட்டுவிட்டு அம்மா அந்த அட்டையைக் கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்குப் பின்னால் வைத்தார்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. எங்கள் வேனுக்குக் கியர் இடது கைப் பக்கம். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அம்மா உதட்டைக் கடித்தார். செவ்வாய்க்கிழமை கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கேட்டதற்குத் தூசி என்றார். ஜன்னல்களோ மூடியிருந்தன. எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. தட்டையும் கோப்பையையும் விருந்தாளிக்கு வைக்கிறார், சரி. வலி மாத்திரை சாப்பிட எந்த விருந்தாளி நம் வீட்டுக்கு வரப்போகிறார்?

புதன்கிழமை காலை அப்பா கேரி தீவு ஆலை வேலைக்குக் கிளம்பிப் போனதும், அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்துக் கரண்டியால் நசுக்கினேன். அதை அம்மாவின் காப்பியில் கலக்கி, கசக்காமல் இருக்க இரண்டு கரண்டி சீனி கூடுதலாகப் போட்டேன். செய்வதை முறையாகச் செய்வோம் என்று பூப்போட்ட கோப்பையிலேயே ஊற்றினேன்.

“இதுல ஏன் ஊத்துன?” என்று கேட்டாலும் அம்மா சிரித்துக்கொண்டே குடித்துவிட்டார்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டே போனோம். கடைசிப் பிள்ளை ஏறிய சமயம் அம்மாவின் முகம் தளர்ந்திருந்தது. உதட்டைக் கடிக்காமல் கியர் மாற்றினார். மருந்து வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரே குளிர்ச்சி. அடுத்த சிக்னலில் பச்சை விழுந்தும் வேன் நகரவில்லை. பின்னாலிருந்த லோரி ஹாரன் அடித்தது. அம்மா திடுக்கிட்டுத் தலையை உதறினார், ஜன்னலை இறக்கினார், கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். சற்றுத் தள்ளியிருந்த பெட்ரோல் நிலையத்துக்குள் வேனை ஊர்ந்தபடி திருப்பி நிறுத்திச் சாவியை உருவிவிட்டு என்னைப் பார்த்தார்.

“காப்பியில என்ன போட்ட?”

பெருமையாகத்தான் சொன்னேன்.

“எத்தன?”

“ஒண்ணு.”

என்னைத் திட்டவில்லை. பின்னால் திரும்பி, விரலை நீட்டிப் பிள்ளைகளின் தலைகளை எண்ணினார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நின்றுகொண்டிருக்கும் வேனிலிருந்து யார் எங்கே காணாமல் போவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு, வழித்தடச் சண்டையில் ஒரு வருடமாகப் பேசாமலிருந்த இன்னொரு வேன் ஓட்டும் அக்காவுக்குப் போன் போட்டார். அந்த அக்கா வந்து எல்லாரையும் இரண்டு நடையாகப் பள்ளியில் சேர்த்தார்.

அன்று மாலை அம்மா பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினார். நான் கண்ணாடி அலமாரியின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எல்லாரும் மன்னிச்சிருங்க. ஓட்டும்போது சாப்பிடக் கூடாத மாத்திரைய நான்தான் கவனிக்காமப் போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்.”

அப்பாவிடமும் அதையேதான் சொன்னார். அடுத்த திங்கட்கிழமைக்குள் ஐந்து பிள்ளைகள் வேறு வேனுக்கு மாறிவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யோசித்தது நான், நசுக்கியது நான், சீனி போட்டதும் நான். இவ்வளவு செய்தும் என் பெயரை ஓரிடத்தில்கூடச் சொல்லாமல், எல்லாம் தானே செய்ததாக அம்மா ஊருக்கே சொல்லிக்கொள்கிறாரே என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பின்னால் ஐந்து இருக்கைகள் காலியாக வர, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே பள்ளிக்குப் போனேன்.