எழுதாத பரீட்சைக்குப் பூஜ்யம்

சித்தி போய்ப் பதினேழு நாளாகிறது. என் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை எங்களோடு இருந்தவள். நான் படித்த பள்ளிக்கூடத்தின் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கிளார்க். "உன் மார்க்கை உனக்கு முன்னாடியே நான் பாத்துடறேன், இதைவிட என்னடா தண்டனை வேணும் உனக்கு?" என்று சிரிப்பாள்.

அங்கே ஏழாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். மூன்று பரீட்சை மார்க்கையும் கூட்டி, முதல் நாற்பது பேர் ஏ பிரிவு, அடுத்த நாற்பது பேர் பி, இப்படியே டி வரை. ஏ பிரிவுக்குக் கணக்கு வாத்தியார் தினமும் வருவார். டி பிரிவுக்கு வாரத்தில் இரண்டு நாள், அதுவும் வந்தால் உண்டு. டியில் விழுந்தவன் மேலே ஏறி யாரும் பார்த்ததில்லை.

பட்டியலை டைப் அடிப்பது சித்தி. அந்த வருஷம் டியின் வால்பக்கம் என் பெயர் வந்தது. "நீ மக்குதான். ஆனா இவ்வளவு மக்கு இல்லையேன்னு கை நின்னுடுச்சு" என்று பிற்பாடு சொன்னாள். அரைப் பரீட்சையின்போது நான் டைபாய்டில் படுத்திருந்தேன். எழுதாத பரீட்சைக்குப் பூஜ்யம் போட்டுக் கூட்டியிருந்தார்கள். அது அங்கே பழக்கம். சித்தியே அதற்கு முன் ஒன்பது வருஷம் வாய் பேசாமல் அப்படித்தான் அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

என் ஒருவனுக்காகப் பேசிவிட்டு வந்திருக்கலாம். அவளோ வருகைப் பதிவேடுகளை இறக்கி வைத்து இரண்டு நாள் புரட்டினாள். அப்படிப் பூஜ்யம் விழுந்தவர்கள் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.

ஹெட்மாஸ்டர் அறையில் நடந்ததை, வாசலில் நின்ற பியூன் அண்ணன்தான் எனக்குச் சொன்னார்.

"பட்டியல் கேட்டா பஞ்சாயத்து கொண்டு வர்றீங்களேம்மா! உங்க அக்கா பையன் இருக்கான், அதுக்குத்தானே இத்தனை பாடு?"

"ஆமா சார், அவனாலதான் கண்ல பட்டுச்சு. வேணும்னா அவன் பேரை அடிச்சிடுங்க. மத்த பத்து பேரும் விட்ட பரீட்சையை எழுதட்டும்."

அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தாராம். பிறகு, "அவன் மட்டும் என்ன பாவம் பண்ணான்? எல்லாரும் எழுதட்டும்" என்றாராம்.

எழுதினோம். ஏழு பேர் மேலே போனோம். எனக்கு பி பிரிவு. தினமும் கணக்கு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே கல்லூரி வரை போய்விட்டேன்.

ஆனால் அன்று பியூன் அண்ணன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்து கத்தினேன்: "என் பேரை அடிக்கச் சொன்னியா சித்தி?"

"சொன்னேன்டா."

"அவர் அடிச்சிருந்தா?"

"உன்னைக் கட்டிப் புடிச்சு அழுதிருப்பேன். உனக்காக அழ வீட்ல நான் இருக்கேன். அந்தப் பத்து பேருக்கு ஆபீஸ்ல யாருடா இருக்கா?"