வெள்ளவத்தையில் எங்கே மீன்பிடி?

இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்பில் நடந்தது இது. மீன்பிடிக் கணக்கெடுப்புத் தரவுகளைக் கையாளும் ஓர் அரச அலுவலகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நானோ பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாட்டுக்காரி. சூரை எது, சாளை எது என்று கண்முன்னே வைத்தாலும் தெரியாது. அவற்றின் குறியீட்டு எண்கள் மட்டும் தலைகீழ்ப் பாடம். "மீனத் தொடாமலே மீனால சம்பளம் எடுக்கிற ஒரே ஆள் நீதான்" என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

அதுவரை ஒவ்வொரு மாவட்டமும் தன் கணக்கைத் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருந்தது. எந்த இறங்குதுறையில் எத்தனை வள்ளம், என்ன மீன், யாருடைய போன் நம்பர் என்று அத்தனையையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. கடல் கொந்தளிக்கப் போகிறது என்றால், இனி அந்தத் தளத்தில் உள்ள நம்பர்களுக்குத்தான் எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். போகும். கணினிக்குச் சந்தேகம் வரும் பதிவுகள் சிவப்பு நிறத்தில் தெரியும். அவற்றைப் பார்த்து, தேறாதவற்றை நீக்க வேண்டும்.

அப்படிச் சிவப்பில் வந்த ஒன்றைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளவத்தையில் ஓர் இறங்குதுறையாம், அதுவும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்! வரைபடத்தில் அதன் புள்ளி சரியாக ரயில் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. வருடத்தில் பல மாதங்கள் பிடிபட்ட மீன் பூச்சியம். எல்லா வள்ளங்களுக்கும் ஒரே போன் நம்பர், அதுவும் ஒரு பெண்ணின் பெயரில்.

"மிஸ், நீங்க அங்கதானே இருக்கிறீங்க? வெள்ளவத்தையில எங்க மீன்பிடி? சாரிக் கடையும் தோசைக் கடையும்தானே இருக்கு! எடுத்துருங்க" என்றார் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான சேர்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். பல வருடமாக அங்கேதான் துணி காயப்போடுகிறோம். நான் கவனித்ததெல்லாம் ரயில்கள், குடைக்குள் ஒளிந்திருக்கும் காதல் ஜோடிகள், பிறகு மழை இருட்டிக்கொண்டு வரும்போதும் யாரோ எடுக்காமல் விட்டிருக்கும் ஒரு சிவப்பு பெட்ஷீட். அதைக் காணும்போதெல்லாம், "ஆரோ ஒரு சோம்பேறி" என்று அம்மா திட்டுவார்.

திங்கட்கிழமை புதிய தளம் இயங்கத் தொடங்கும். அதற்குள் நீக்க வேண்டும். ஆனால் விரல் போகவில்லை. பொய்க் கணக்கு எழுதுகிறவர் அழகாக ஒரு கடற்கரையில் புள்ளியை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே, ஏன் தண்டவாளத்தில் கொண்டுபோய் மீனை இறக்குகிறார்? இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை போனும் கையுமாகப் புறப்பட்டேன்.

"விடியவே எங்க வெளிக்கிட்டிட்டாய்?" என்றார் அம்மா.

"மீன் பாக்க."

"சனிக்கிழமையிலயோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒழுங்கை வழியாக இறங்கி, மரைன் டிரைவ் வீதியைக் கடந்து, இரண்டு பக்கமும் பார்த்துத் தண்டவாளத்தைத் தாண்டினேன். கற்களுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு துண்டு மணல். அதில் சின்ன வள்ளங்கள் இழுத்துப் போடப்பட்டிருந்தன. ஒன்று அப்போதுதான் கரையேறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிவந்து தண்டவாள ஓரத்தில்தான் வைத்தார்கள். புள்ளி பொய் சொல்லவில்லை!

பக்கத்துக் குடிசை வாசலில் வலை உதறிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் சிங்களத்தில் கேட்டேன். தமிழில் பதில் வந்தது.

"ஓம் மிஸ், இதுதான் துறை. நான் முகத்துவாரத்து ஆள், கல்யாணம் கட்டி இங்க வந்தது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல கடல் சரியில்ல, வள்ளம் இறக்க ஏலாது."

பூச்சிய மாதங்களின் மர்மம் அவ்வளவுதான். போன் நம்பரைச் சொல்லிக் கேட்டேன். அது அவருடையதேதான்.

"கடலுக்குப் போன் கொண்டு போனா நனைஞ்சு நாசமாயிரும். அதான் எல்லாருக்கும் என்ட நம்பரக் குடுத்தது. மெசேஜ் வந்தா நான் இத ஏத்துவன். அவங்க கரையப் பாத்துக்கொண்டுதான் வல போடுறது. கண்டா உடனே திரும்பிருவாங்க."

அவர் காட்டிய இடத்தில் உயரமான ஒரு மூங்கில் நட்டிருந்தது. அதன் அடியில் சுருட்டிச் செருகியிருந்தது ஒரு சிவப்பு பெட்ஷீட்.

இத்தனை வருடமாக அம்மா சோம்பேறி என்று திட்டியது இந்த அக்காவைத்தான்!

"மெசேஜ் இனியும் வரும்தானே மிஸ்? எல்லாம் மாத்துறாங்கன்னு கேள்விப்பட்டன். என்ட மனுசனும் தம்பியும் ஒரே வள்ளத்துல போறது" என்றார்.

"வரும் அக்கா" என்றேன். அந்த நம்பரை நீக்கச் சொல்லியிருந்தது என்னிடம்தானே.

புறப்படும்போது ஒரு பையில் மீனைப் போட்டு நீட்டினார். நான் சைவம் என்றதும், "மீன் ஆபீஸ்ல வேல செஞ்சிக்கிட்டா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, 'நேரில் பார்த்து உறுதிசெய்யப்பட்டது' என்று எழுதி அந்தப் பதிவைப் புதிய தளத்தில் சேர்த்தேன்.

"தண்டவாளத்துலயா?" என்றார் சேர்.

"ஓம் சேர், தண்டவாளத்துலதான்."

முழுக் கதையையும் கேட்டார். "அப்ப மத்தச் சிவப்பையும் அழிக்க முந்தி ஒருக்கா கோல் எடுத்துக் கேப்பம்" என்றார் பிறகு.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், எங்கள் பக்கக் கடலுக்கு எச்சரிக்கை போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, மேல போய் அந்தச் சிவப்பு பெட்ஷீட் தெரியுதோ எண்டு பாருங்கோ."

படியேறி மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு காற்றின் இரைச்சல் மட்டும்.

"ஓம் பிள்ளை, ஏத்தியிருக்கு. வள்ளங்கள் திரும்புது. இன்னும் ஒண்டு தூரத்தில நிக்குது. அதுவும் வரட்டும், பாத்திட்டு இறங்குறன்" என்றார் அம்மா.

அது கரைசேரும் வரை அம்மாவும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இன்றும் திரையில் ஒரு பதிவு சிவப்பாக வந்தால், இது பிழையா என்று கேட்பதற்கு முன், இந்த நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பது யாரோ என்றுதான் மனம் கேட்கிறது.