மீன் வாடை

மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் அம்சாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. ஒருமுறை திண்டிவனம் பஸ்ஸில் அவளுடைய மீன்கூடையைப் பார்த்து மூக்கைப் பொத்திய கண்டக்டரை, "எங்க சோறு உனக்கு நாறுதா?" என்று கேட்டு, இறங்கும்வரை அவள் விடவில்லை.

மார்பில் வந்த கட்டிக்கு இப்போது முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றுகிறார்கள். அது தொடங்கியதிலிருந்து மீன் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டுகிறது. "அப்பிடித்தாம்மா இருக்கும். ஆறின கஞ்சியா கொஞ்சம் கொஞ்சமா குடிங்க" என்றார் நர்ஸ். வீட்டில் மீன் குழம்பு நின்றது. ஆனால் கடலுக்குப் போய்வரும் புருஷன் சிங்காரத்தின் உடம்பிலும் அதே வாடைதான். அதை எப்படிச் சொல்வது? அவன் கிட்டே வந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, சளி என்பாள்.

ஒருநாள் கஞ்சியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவளுக்குக் குமட்டவில்லை. அவன் உள்ளங்கைகள் வெடித்து உப்புப் பூத்திருந்தன.

"இன்னாய்யா, கை இப்பிடி இருக்கு?"

"உப்பளத்துக்குப் போய்க்கினு இருக்கேன். வலையத் தம்பிகிட்ட குடுத்துட்டேன். நீ குடி."

அவள் முந்தானையால் அவன் உள்ளங்கை உப்பைத் துடைத்தாள். அந்தக் கண்டக்டராவது சளி என்று பொய் சொல்லவில்லை.