எட்டு வந்த மாப்பிள்ளை

கண்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு விடுமுறையில், உருப்படியான வேலை எதுவும் இல்லாததால், என் கைபேசி இலக்கத்தைக் கணினியில் போட்டு வகுத்துப் பார்த்தேன். முன்னால் நிற்கும் பூச்சியத்தை விட்டால் ஒன்பது இலக்கங்கள். இரண்டில் தொடங்கி இருபத்தெட்டாயிரம் வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடவில்லை. வர்க்கமூலம் தாண்டிவிட்டதால் அதற்குமேல் தேடத் தேவையில்லை. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் முதன்மை எண். கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அந்த எண்தான் என் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

வத்தேகமயிலிருந்து தினமும் என்னோடு பஸ்ஸில் வருபவள், கண்டியில் ஒரு ஹோட்டலில் முன்பதிவு பார்ப்பவள், அவளைக் கட்டிக்கொள்வதென்று இருவரும் முடிவெடுத்திருந்தோம். அவளுடைய அப்பாவின் சம்மதம்தான் பாக்கி. மடுல்கெல்லைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுது போகாமல் எண்சாத்திரத்தில் இறங்கிவிட்டார். நம்பரைக் கூட்டி எட்டு வரும் பஸ்ஸில் ஏறமாட்டார். அடுத்து வருவதும் ஒரு சுற்றுப் போய்த் திரும்பிய அதே பஸ்தான். மழையில் நின்று அதையும் விட்டுவிடுவார்.

பெண் கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது, சாதகம் கேட்பார் என்று கையோடு கொண்டுபோயிருந்தேன்.

“அது கெடக்கட்டும், போன் நம்பர சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். கூட்டினார். நாற்பத்துநான்கு. நாலும் நாலும் எட்டு. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சனி. சரிவராதுங்க.”

பயந்துபோனேன். பயத்தில் வாத்தியார் புத்தி தலைதூக்கியது.

“இது சின்ன வகுப்புப் பாடங்க, இலக்கச்சுட்டி. ஒன்பதால வகுத்தா வர்ற மீதிதான் இந்த எட்டு. சனியெல்லாம் இல்லைங்க. என்னோடது முதன்மை எண். வேற எந்த நம்பரும் அத சமமா பங்கு போட முடியாது.”

அவர் ஆழ்ந்து யோசித்தார்.

“அப்ப யாரோடயும் ஒட்டாத நம்பரா? இதுக்கு எட்டே பரவாயில்ல.”

எழுந்து போகலாமா என்று யோசித்தேன். அப்போது அடுப்படி வாசலில் நின்றிருந்த அவள் வாயைத் திறந்தாள்.

“அப்பா, கட்டார்ல இருந்து சித்தப்பா கோல் எடுத்தா இந்த நம்பருக்குப் போகாது. பூச்சியத்த விட்டுட்டு முன்னுக்குத் தொண்ணூத்திநாலு போடணும். அதுதான் முழு நம்பர். கூட்டிப் பாருங்க.”

ஒன்பதும் நாலும் பதின்மூன்று. மொத்தம் ஐம்பத்தேழு. அதைக் கூட்டப் பன்னிரண்டு. பிறகு மூன்று.

“குரு” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே, தம்பி.” முறுக்குத் தட்டு என் பக்கம் நகர்ந்தது.

கூட்டி மூன்று வந்தால் அந்த எண் மூன்றால் வகுபடும். தொண்ணூற்றுநான்கு சேர்ந்த அந்த நொடியே என் முதன்மை எண் போய்விட்டது. ஒரு கணித உண்மையை நான் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான். முறுக்கோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

கல்யாணம் முடிந்த கையோடு, மகளைப் பிரிந்து இருக்க முடியாதென்று மாமாவும் எங்களோடு வந்துவிட்டார். வீட்டில் மூன்று பேர். டீவி, குளியலறை, மீன் குழம்பு எல்லாமே மூன்று பங்கு. என் கைபேசியும் பாதி நேரம் அவர் கையில்தான், கட்டாருக்குப் பேசுகிறார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது அவர் ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தங்கும் நாட்களில்தான் சட்டியில் மீதி விழுகிறது. அவரிடம் சொன்னால் அதையும் குருவின் கணக்கில் எழுதிவிடுவார். அதனால், எப்போது திரும்பி வருவீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.