கீழாநெல்லிக் கசப்பு

பேய், பில்லி சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு ஆராய்ச்சி, வெள்ளை எலிகளோடு. ஈரலைக் கெடுக்கும் ரசாயனத்தை எல்லா எலிகளுக்கும் கொடுத்துவிட்டு, ஒரு கூண்டுக்கு மட்டும் தினமும் கீழாநெல்லிச் சாற்றை வாய்க்குள் குழாய் விட்டு ஊற்றுவேன், சாறு ஈரலைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க. அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் கடலைக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்து படுத்தார். மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் அடித்திருக்கிறார், பாவி மனுஷன். கண்ணெல்லாம் மஞ்சள். ஈரல் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தது அவர்தான். அழுதுகொண்டே எலிகளுக்குச் சாறு ஊற்றிவிட்டுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினால், பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார்.

“ஏ பாப்பா, வாயெல்லாம் கீழாநெல்லி கசக்குது. எலிக்கு ஊத்துறத எனக்கும் ஊத்திப்புட்டியா?”

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை என்று அண்ணி சத்தியம் செய்தார். உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் சாறு ஊற்றும் நேரமெல்லாம் அவருக்கு வாய் கசந்தது, நம்பினால் நம்புங்கள். அங்கே எலிகள் தேறத் தேற, இங்கே அவர் கண்ணில் மஞ்சள் இறங்கியது. கஞ்சி கேட்டார், என்னை எலி டாக்டர் என்று கிண்டல் செய்தார். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

உங்களுக்கு ஒன்று தெரியாது. எங்கள் வேலையில் தேறிய எலியும் தப்பாது. கடைசியில் எல்லாவற்றையும் கொன்று ஈரலை அறுத்துப் பார்த்தால்தான் ஆராய்ச்சி முடியும். மனசு கேட்காமல் பேராசிரியரிடம் போய் நின்றேன்.

“சார், சாறு குடுத்த கூண்டை மட்டும் விட்டுரலாம் சார்.”

“ஈரலப் பாக்காம எதை வச்சும்மா தீசிஸ் எழுதுவ? போய் வேலையப் பாரு.”

என்ன சொல்லித் தடுப்பேன், அண்ணனுக்கு வாய் கசக்கிறது என்றா. அறுக்கும் நாளில் சாறு கிடையாது. எலிகளை மயக்கிக் கொல்ல ஜாடிக்குள் ஈதர் நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டிருந்தேன், அண்ணன் போன் செய்தார்.

“பாப்பா, இன்னிக்கு வாய் கசக்கலயே, மருந்த நிறுத்திப்புட்டியா?”

சார் பக்கத்தில் நின்றார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு, ஒவ்வொரு எலியாக எடுத்து ஜாடிக்குள் விட்டேன். சாறு குடித்த எலிகளின் ஈரல் அத்தனையும் சுத்தம், நல்ல ரிசல்ட் என்று சார் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணி போனில் கதறினார். அண்ணன் போய்விட்டார். டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை, இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன நடக்கும் என்று அண்ணியிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை. பார்க்கும்போதெல்லாம் அவர் இதையேதான் கேட்கிறார்.

“நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாக. என்னமோ இனிச்ச வாடை அடிக்குது, மூச்சு முட்டுது, சன்னலத் தொறன்னாக. அது தொறந்துதானே கெடந்துச்சு. எனக்கு ஒரு வாடையும் வரல. ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?”

ஈதர் வாடை அப்படித்தான் இனிக்கும். தெரியாது அண்ணி என்கிறேன்.