ஊசி குத்திய விரதம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு அரசு சுகாதார நிலையம். பெயரைச் சொன்னால் பலர் மனம் நோகும், வேண்டாம். அங்கே தளவாய்புரம் சுடலைமாடத்தி பெருக்குகிறாள், துடைக்கிறாள், ரத்தத் துணி அள்ளுகிறாள். ஆனாலும் அவள் அங்கே வேலை பார்க்கவில்லை. சம்பளம் தருவது ஒப்பந்த ஏஜென்சி. ஆகவே அவள் வேலை பார்ப்பதும் ஏஜென்சியில்தான். சட்டம் இதில் வெகு தெளிவு.

ஆடிப்பூரத் தேரன்று காலை, பஞ்சு மட்டும் கிடக்க வேண்டிய மஞ்சள் பையை அவள் கட்டும்போது, யாரோ வெட்டாமல் எறிந்த ஊசி உள்ளங்கையில் ஏறியது. கையுறையா? அது ஸ்டாஃபுக்கு மட்டும்தான்.

நர்ஸ் கேத்ரின் ஓடிவந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். "யாருக்குப் போட்ட ஊசியோ! எய்ட்ஸ் கிருமி ஒட்டாம இருக்க மாத்திரை இருக்குக்கா. இப்பவே ஆரம்பிக்கணும். மூணு நாள் தாண்டுனா பிரயோசனம் இல்ல."

போன வருஷம் கேத்ரினுக்கு ஊசி குத்தியபோது, காபி ஆறுவதற்குள் மாத்திரை வந்துவிட்டது.

இப்போது மாத்திரை பூட்டிய அலமாரியில். சாவி மருந்தாளுநர் சேதுபதியின் அரைஞாண் கயிற்றில். சேதுபதியோ ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர்வடம் பிடித்தபடி. ஒரு மருந்துக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. நோயாளிகூட நெருங்க முடியாது.

கேத்ரின் போன் போட்டதும், கொட்டுச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்: "அது ஸ்டாஃபுக்கு உள்ளதும்மா! மாடத்தி ஏஜென்சி ஆளுல்லா!"

"ஊசிக்கு அது தெரியலையே சார்!" என்றாள் கேத்ரின். போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் சேதுபதி பிரசாதத்தோடு வந்தார். மாடத்திக்கும் கை நிறைய அக்காரவடிசல். அதில் அவர் பாகுபாடே பார்க்கவில்லை. மாத்திரைக்கு மட்டும் ஏஜென்சி மேனேஜர் சொல்ல வேண்டுமாம். மேனேஜர் மதுரையில். போனை எடுப்பதாக இல்லை.

மாடத்தி சண்டை போடவில்லை. மஞ்சள் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து மருந்து ஜன்னலுக்குக் கீழே அடுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, என்ன பண்ணுத? நாத்தம் கொடலப் புரட்டுது!"

"ஸ்டாஃப் அள்ளட்டும் சார். நான் ஏஜென்சி ஆளுல்லா."

சேதுபதி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார், மூடினார். பிறகு அலமாரியைத் திறந்தார்.

ஒரு மாதம் தினமும் விழுங்கினாள். குமட்டலோடு பெருக்கினாள். "ஒரு நாள் லேட்டா ஆரம்பிச்சோமே, மருந்து கேக்குமா சிஸ்டர்?" என்றதற்குக் கேத்ரின் முகம் பார்க்காமல், "மூணு மாசம் போகட்டும்க்கா, ரத்தம் பாப்போம். அதுவரைக்கும் வீட்டுக்காரர்கிட்ட தள்ளியே இருங்க" என்றாள்.

புருஷன் வல்லரசுவிடம் சொல்லவில்லை. அந்த நோயின் பெயரைச் சொன்னாலே தெரு வேறு கதை கட்டும். அய்யனார் கோவிலுக்கு விரதம் என்று சொல்லிப் பாயைத் தனியே போட்டாள். பக்தியில் பெண்டாட்டி தன்னை மிஞ்சிவிட்டதாக அவனும் டீக்கடையில் பெருமை பேசினான். கொஞ்ச நாளில் பெருமை தேய்ந்தது.

"புரட்டாசியும் பொறந்தாச்சு. இன்னும் எம்புட்டு நாளைக்குட்டி இந்த விரதம்?"

"சாமி இன்னும் உத்தரவு குடுக்கலையே" என்றாள் மாடத்தி, உள்ளங்கையைச் சேலையில் துடைத்தபடி.